ஆங்கிலப் பத்தியைப் படித்துப் புரிந்துகொள்வது எப்படி?

நம் மலரின் ஆசிரியர் குழுவினர் என்னிடம் கேட்டது ரயில்வே அனுபவக் கட்டுரை. நான் எழுத உட்கார்ந்திருப்பது ஆங்கிலப் பாடம். இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னால் அன்பர்கள் சிரிக்கக்கூடும். கொஞ்சம் பொறுத்துப் படித்தால் ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது விளங்கும்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். நான் ஆங்கில ஆசிரியன் அல்ல. பத்தாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்து, பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமோ முடித்து, ரயில்வேயில் பெர்மனென்ட் வே பிரிவில், அதாவது தண்டவாளப் பராமரிப்பில், வேலைக்குச் சேர்ந்தவன். ஓய்வு பெற்றபின் மறையூருக்குத் திரும்பிவிட்டேன். வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: மறையூர் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், தேவிகுளம் தாலுகாவில், மூணாருக்கும் உடுமலைப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது. அஞ்சுநாடு என்று பெயர் பெற்ற ஐந்து ஊர்களில் ஒன்று. சந்தனக் காடும், கல்லால் கட்டிய முனியறைகளும், 2019ல் புவிசார் குறியீடு பெற்ற வெல்லமும் இவ்வூரின் அடையாளங்கள். வெல்லத்தை இங்கே சர்க்கரை என்றே சொல்வோம். இங்குள்ள பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் தமிழ், கடைத்தெருவில் மலையாளம், பள்ளியில் இவை இரண்டோடு ஆங்கிலமும் இந்தியும். நான்கு எழுத்துகளைச் சுமந்து திரிகிற பிள்ளைகள் அவர்கள்.

அவர்களில் பதினோரு பேர் மாலை ஆறு மணிக்கு என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறார்கள். எட்டாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை. கரும்பு வெட்டுகிறவர், ஆலையில் கொப்பரை காய்ச்சுகிறவர், ஜீப் ஓட்டுகிறவர் வீட்டுப் பிள்ளைகள். ஆங்கிலப் பாடத்தைச் சத்தம் போட்டு வாசிக்கச் சொன்னால் நன்றாகவே வாசிக்கிறார்கள். கேள்வி கேட்டால்தான் வண்டி நின்றுவிடுகிறது.

அவர்கள் விடை எழுதும் முறையைக் கவனித்தேன். கேள்வியில் உள்ள ஒரு பெரிய சொல்லை எடுத்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல் பத்தியில் எந்த வரியில் இருக்கிறது என்று விரலால் தேடுகிறார்கள். கிடைத்ததும் அந்த வரியை அப்படியே பெயர்த்து எழுதிவிடுகிறார்கள். பாதி நேரம் இது பலிக்கவும் செய்யும், மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆனால் இதற்குப் பெயர் படித்துப் புரிந்துகொள்வது அல்ல, தூண்டில் போடுவது. அகப்படுவது மீனா செருப்பா என்று பிள்ளைக்குத் தெரியாது.

இதைக் குறையாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. நானும் அப்படித்தான் படித்தேன். அதன் விலையை ஒரு நாள் கொடுக்க இருந்தேன்.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் ஆண்டு. ஓரிடத்தில் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லியைப் புரட்டிச் சலித்துப் போட்டிருந்தோம். இப்படிச் செய்தபின் ஜல்லி இறுகும்வரை வண்டிகள் மெதுவாகத்தான் போக வேண்டும். அதற்காக இரு புறமும் வேகக் கட்டுப்பாட்டுப் பலகைகள் நட்டிருந்தோம். மேலிடத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது. அதில் ஒரு வாக்கியம்: 'தி ஸ்பீட் போர்ட்ஸ் ஷல் நாட் பி ரிமூவ்ட் அன்டில் தி ட்ராக் ஹேஸ் பீன் இன்ஸ்பெக்டெட்.' கூடவே, உதவிப் பொறியாளர் வியாழக்கிழமை பார்வையிட வருகிறார் என்ற செய்தி. நான் என்ன செய்தேன்? 'போர்ட்ஸ்', 'ரிமூவ்ட்', 'இன்ஸ்பெக்டெட்', 'வியாழன்' என்ற நான்கு சொற்களைக் கோத்துக்கொண்டேன். வியாழன் காலையில் கேங் மேட்டைக் கூப்பிட்டு, 'இன்றைக்கு இன்ஸ்பெக்ஷன், பலகைகளைப் பிடுங்கி வைத்துவிடுங்கள், பார்க்க ஒழுங்காக இருக்கட்டும்' என்றேன்.

மேட்டுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். வயது ஐம்பதைத் தாண்டியவர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: 'சார், ஐயா வந்து பார்த்தாச்சா, இல்லே பார்க்க வர்றாரா?'

'வருகிறார்' என்றேன்.

'அப்போ பலகை இருக்கட்டும் சார்.'

எனக்குக் கோபம். குறிப்பை மறுபடி எடுத்துப் படித்தேன். 'ஹேஸ் பீன் இன்ஸ்பெக்டெட்.' பார்த்தாச்சு என்று இருந்தால்தான் எடுக்கலாம். அன்று காலை பத்தரை மணிக்கு ஒரு பாசஞ்சர் வண்டி அந்த இடத்தைக் கடந்தது. மெதுவாகத்தான் கடந்தது, பலகை இருந்ததால். மதியம் உதவிப் பொறியாளர் வந்து பார்த்து, இரண்டு இடத்தில் இன்னும் பேக்கிங் போதாது என்று சொல்லி, பலகைகளை மேலும் சில நாள் வைக்கச் சொன்னார். பலகை இல்லாமல் அந்தப் பாசஞ்சர் முழு வேகத்தில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நான் இன்றுவரை நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை.

ஆங்கில இலக்கணத்தில் 'பிரசன்ட் பர்ஃபெக்ட்' என்பதை நான் பள்ளியில் மனப்பாடம் செய்திருந்தேன். அதன் பொருளை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எழுதப் படிக்கத் தெரியாத அந்த மேட்தான். 'ஆச்சா, இல்லையா' என்ற கேள்விக்கு விடைதான் 'ஹேஸ்', 'ஹேவ்'. வந்தாச்சு, தின்னாச்சு, பார்த்தாச்சு என்று நாம் நாள் முழுதும் பேசுகிறோம். எழுத்துத் தமிழில் வந்திருக்கிறார், பார்த்திருக்கிறார் என்கிறோம். அதுவேதான் இது. திண்ணையில் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தை இப்படித்தான் தொடங்குகிறேன்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். தமிழில் 'மாமா நேற்றே வந்திருக்கிறார், எனக்குத் தெரியாது' என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் 'எஸ்டர்டே' வந்துவிட்டால் 'ஹேஸ் கம்' வரக்கூடாது, 'கேம்' என்றுதான் வர வேண்டும். நாள், கிழமை, மணி சொல்லி முடிந்த காலத்தைக் குறித்துவிட்டால் ஆங்கிலம் சாதாரண இறந்த காலத்தைத்தான் கேட்கும். நம் பிள்ளைகள் செய்யும் பிழைகளில் பத்துக்கு நான்கு இங்கேதான் விழுகிறது என்பது என் திண்ணைக் கணக்கு.

(ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஆங்கில எழுத்துப் பழக்கமில்லாத பெற்றோரும் பிள்ளைகளோடு உட்கார வேண்டும் என்பது என் ஆசை. பிள்ளைகள் அவற்றை நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிக்கொள்ளட்டும். அதுவே ஓர் எழுத்துப் பயிற்சியும் ஆகும்.)

அடுத்து, வாக்கியத்தின் கட்டுமானம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயிலை அன்பர்கள் பார்த்திருப்பீர்கள். கல்லாறு தாண்டிக் குன்னூர்வரை ஏற்றத்தில் எஞ்சின் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு போகும். சமவெளி வண்டிகளில் எஞ்சின் முன்னால் இருந்து இழுக்கும். தமிழ் வாக்கியம் மலை ரயில். வினைச்சொல் கடைசியில் இருந்து எல்லாவற்றையும் தள்ளுகிறது. 'நேற்று உடுமலையிலிருந்து வந்த பேருந்தில் என் தம்பி...' என்று சொல்லி நிறுத்தினால் தம்பி வந்தானா, விழுந்தானா, எதையாவது மறந்து வைத்தானா என்று தெரியாது. கடைசிச் சொல்வரை காத்திருக்கப் பழகிய காது நம்முடையது. ஆங்கிலத்தில் வினை முன்னாலேயே, எழுவாயை ஒட்டி வந்துவிடும். அதைக் கவனிக்காமல் தாண்டிப் போய், கடைசியில் தேடுகிறான் நம் பையன். கடைசியில் இருப்பதோ இடமும் நேரமும். ஆகவே ஒவ்வொரு ஆங்கில வாக்கியத்திலும் முதலில் 'யார்' என்பதற்கு ஒரு கோடு, 'என்ன செய்தார்' என்பதற்கு இரண்டு கோடு போடச் சொல்கிறேன். மற்றவை எல்லாம் பெட்டிகள். எஞ்சின் கிடைத்தால் பெட்டிகளைப் பிறகு எண்ணிக்கொள்ளலாம்.

பெட்டிகளிலும் ஒரு சங்கதி உண்டு. தமிழில் 'மறையூரில் காய்ச்சிய சர்க்கரை' என்று பெயரெச்சம் முன்னே வரும், பெயர் பின்னே வரும். மலையாளத்திலும் அதே வரிசைதான். ஆங்கிலத்தில் 'தி ஜாகரி விச் வாஸ் மேட் இன் மறையூர்' என்று பெயர் முன்னே, விளக்கம் பின்னே. 'ஹூ', 'விச்', 'தட்' ஆகியவற்றைப் பார்த்ததும், அதற்கு முன்னால் நிற்கும் பெயரைத் திரும்பிப் பார் என்பதுதான் விதி. சிலர் 'ஹூ' என்றால் 'யார்' என்று மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, நடு வாக்கியத்தில் கேள்வி எங்கிருந்து வந்தது என்று திகைத்துப் போகிறார்கள்.

இனி ஒரு பத்தி. மூணாற்றுப் பழைய ரயிலைப் பற்றி நானே எழுதியது:

'தி ஃபர்ஸ்ட் லைன் இன் தி குண்டலா வேலி வாஸ் எ மோனோரெயில். இன் 1908 இட் வாஸ் ரீப்ளேஸ்ட் பை எ நேரோ கேஜ் ரெயில்வே, விச் கேரீட் டீ டு டாப் ஸ்டேஷன். ஃப்ரம் தேர் தி டீ வென்ட் டவுன் டு தி ப்ளெயின்ஸ் பை ரோப்வே. தி ரெயில்வே ஹாட் பீன் வொர்க்கிங் ஃபார் சிக்ஸ்டீன் இயர்ஸ் வென் தி ஃப்ளட் ஆஃப் 1924 டிஸ்ட்ராய்ட் இட். இட் வாஸ் நெவர் ரீபில்ட்.'

ஐந்தே வாக்கியங்கள். இதை வாசித்து முடித்ததும் ஒரு பையன் 'அப்போ மூணாருக்கு ரயில் இருந்துச்சா தாத்தா?' என்று வாயைப் பிளந்தான். இடுக்கி மாவட்டத்தில் இன்று ஒரு முழம் தண்டவாளம்கூட இல்லை. ஆனால் 1902லேயே குண்டலா பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள வண்டி ஓடியது. சிறு சக்கரம் தண்டவாளத்தில், பெரிய சக்கரம் சாலையில், இழுப்பதற்கு மாடு. இதே முறையில் பாட்டியாலா சமஸ்தானத்தில் ஓடிய வண்டி டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டெல்லி போகும் அன்பர்கள் தவறாமல் பாருங்கள். (பாடத்தை விட்டு விலகுகிறேன். ரயில்வேக்காரனிடம் ரயிலைப் பற்றி எழுத வேண்டாம் என்றாலும் கேட்கமாட்டான்.)

கேள்விகளுக்கு வருவோம். முதல் கேள்வி: 'வாட் ரீப்ளேஸ்ட் தி மோனோரெயில்?' பதினோரு பேரில் ஆறு பேர் மோனோரெயில்தான் நேரோ கேஜை மாற்றியது என்ற பொருளில் எழுதினார்கள். 'வாஸ் ரீப்ளேஸ்ட் பை' என்பதில் 'வாஸ்', 'பை' இரண்டையும் கண் தாண்டிவிட்டது. செயப்பாட்டு வினை நம் பேச்சில் மிக அரிது. 'பையனால் சோறு உண்ணப்பட்டது' என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் செய்தித்தாள், சட்டம், மருந்துச் சீட்டு, அரசாணை எல்லாம் செயப்பாட்டு வினையில்தான் நடக்கின்றன. வினையின் மூன்றாம் வடிவத்துக்கு முன்னால் 'வாஸ்', 'வேர்', 'பீன்', 'பி' இருக்கிறதா என்று பார். இருந்தால், செய்தவர் எழுவாய் அல்ல, எழுவாய்க்கு ஏதோ செய்யப்பட்டது. 'பை' என்பதற்குப் பின்னால் செய்தவர் நிற்பார், அல்லது நிற்காமலே இருப்பார். நம் குறிப்பிலும் 'ஹேஸ் பீன் இன்ஸ்பெக்டெட்' என்று இருந்ததே தவிர, யார் பார்க்க வேண்டும் என்று அந்த வாக்கியத்தில் இல்லை.

இரண்டாம் கேள்வி: 'ஹவ் டிட் தி டீ ரீச் தி ப்ளெயின்ஸ்?' தூண்டில்காரர்கள் 'ப்ளெயின்ஸ்' என்ற சொல்லைப் பிடித்து, 'பை ரோப்வே' என்று எழுதினார்கள். பாதி விடை. ரயிலில் டாப் ஸ்டேஷன்வரை, அங்கிருந்து கம்பி வழியாக என்று இரண்டு வாக்கியங்களையும் சேர்த்தால்தான் முழு விடை. சேர்க்கும் கொக்கி எது? 'ஃப்ரம் தேர்.' 'அங்கிருந்து' என்றால் எங்கிருந்து என்று கேட்காமல் அதைத் தாண்டக் கூடாது. அதே போல் கடைசி வாக்கியத்தில் வரும் 'இட்'. அது வெள்ளமா, ரயிலா? பக்கத்தில் இருக்கும் பெயரை எடுப்பதா, பொருந்தும் பெயரை எடுப்பதா? திரும்பக் கட்டப்படாதது வெள்ளமாக இருக்க முடியாது என்று ஒரு சிறுமி சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தச் சிரிப்பு வந்துவிட்டால் பாடம் புரிந்துவிட்டது என்று பொருள்.

மூன்றாம் கேள்வி பத்தியில் இல்லாத சொல்லைக் கொண்டது: '1930ல் ஒருவர் மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ரயிலில் போயிருக்க முடியுமா?' 1930 என்ற எண்ணைப் பத்தியில் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, 'இல்லை தாத்தா, கேள்வி தப்பு' என்றார்கள். தூண்டில் போட இடமில்லாத கேள்வி. படித்ததை வைத்து யோசித்தால்தான் விடை வரும். ஒவ்வொரு பத்திக்கும் இப்படி ஒரு கேள்வியாவது கேளுங்கள் என்று ஆசிரிய நண்பர்களை வேண்டிக்கொள்கிறேன்.

கேள்வியை முதலில் படிப்பதா, பத்தியை முதலில் படிப்பதா என்று பெற்றோர் கேட்கிறார்கள். கேள்வியை முதலில் படி என்று சொல்லிக்கொடுப்பவர் பலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு பத்திக்குள் போகும் பிள்ளை தூண்டிலோடுதான் போகிறது. தண்டவாளப் பிரிவு ஒன்றைப் புதிதாக ஏற்றுக்கொள்ளும்போது நாங்கள் செய்வது இது: முதல் முறை கருவி எதுவும் எடுக்காமல் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்துவிடுவோம். எங்கே வளைவு, எங்கே பாலம், எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று கண்ணில் வாங்கிக்கொள்வோம். இரண்டாம் முறைதான் கேஜ் கருவியும் நோட்டும். பத்தியையும் தெரியாத சொல்லுக்கு நிற்காமல் ஒருமுறை முழுக்க நடந்துவிடு. பிறகு கேள்வியைப் படி. பிறகு கோடு போட்டுக்கொண்டு இரண்டாம் நடை. கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வில் எழுதத் தொடங்குமுன் 15 நிமிடம் 'கூல் ஆஃப் டைம்' என்று தருகிறார்கள். முதல் நடைக்கு அதைவிட நல்ல நேரம் ஏது? பல பிள்ளைகள் அந்த நேரத்தில் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

வினையின் வாலில் வரும் 'ஸ்' பற்றி ஒரு வார்த்தை. மறையூர்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தமிழில் வந்தேன், வந்தான், வந்தாள், வந்தது என்று ஆளுக்கு ஒரு வால். மலையாளத்தில் ஞான் வந்நு, அவன் வந்நு, அவள் வந்நு, வாலே கிடையாது. ஆங்கிலம் இரண்டுக்கும் நடுவில். இறந்த காலத்தில் மலையாளம் மாதிரி எல்லாருக்கும் 'கேம்'. நிகழ்காலத்தில் மட்டும் அவன், அவள், அது மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு 'ஸ்'. இதைச் சொன்னதும் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். ஆனால் 'அவர்' என்ற மரியாதைச் சொல் வந்தால் தடுமாறுகிறார்கள். ஆசிரியர் வருகிறார் என்பதில் உள்ள 'ஆர்' பலரைக் குறிப்பது போல இருப்பதால் 'மை டீச்சர் கம்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் வாத்தியாருக்கும் 'ஸ்' தான், வாத்தியார் வீட்டுப் பூனைக்கும் 'ஸ்' தான் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்போது சின்னச் சொற்கள். இதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ரயில் ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு மாறும் இடத்தில் பாயின்ட்ஸ் இருக்கும். பிராட்கேஜில் அந்த நாக்குத் தண்டவாளம் நகர்வது சுமார் 115 மில்லிமீட்டர், நாலரை அங்குலம்தான். அந்த நாலரை அங்குலத்தில் வண்டி வேறு ஊருக்குப் போய்விடும். 'அன்லெஸ்', 'அன்டில்', 'எக்ஸெப்ட்', 'ஆல்தோ', 'ஹார்ட்லி', 'அதர்வைஸ்' இவையெல்லாம் பாயின்ட்ஸ். பிள்ளைகள் பெரிய சொற்களுக்குத்தான் பயப்படுகிறார்கள். பெரிய சொல் தெரியாவிட்டால் தெரியவில்லை என்பதாவது தெரியும். சின்னச் சொல் தவறினால், தவறியதே தெரியாது.

சென்ற ஆண்டு நடந்தது இது. திண்ணைக்கு வரும் பத்தாம் வகுப்புப் பெண்ணின் தகப்பனாருக்குக் கரும்புக் கடன் தொடர்பாக ஒரு கடிதம் வந்தது. வட்டித் தள்ளுபடித் தொகை பற்றியது. அதில் 'தி அமௌன்ட் வில் பி க்ரெடிட்டட் ப்ரொவைடெட் தட் தி ஃபார்ம் இஸ் சப்மிட்டெட் ஆன் ஆர் பிஃபோர் தி 30த்' என்று இருந்தது. மகள் வாசித்து, 'பணம் போட்டுருவாங்கப்பா, ஃபாரமும் அவங்களே கொடுத்திருக்காங்க' என்று சொல்லிவிட்டாள். 'ப்ரொவைட்' என்றால் கொடு, 'ப்ரொவைடெட்' என்றால் கொடுத்தார்கள் என்று பள்ளியில் படித்திருக்கிறாள். அவள் படித்தது தவறில்லை. ஆனால் இந்த இடத்தில் 'ப்ரொவைடெட் தட்' என்றால் 'இன்னது செய்தால் மட்டும்' என்று பொருள். படிவம் கொடுத்தால்தான் பணம். அதுவும் முப்பதாம் தேதிக்குள்.

தகப்பனார் டீக்கடையில் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னபோது தேதி 28. கடிதத்தைக் காட்டச் சொன்னேன். மறுநாள் காலை முதல் வேலையாகப் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று மாலை அந்தப் பெண் திண்ணையின் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்பா திட்டவில்லையாம், அதுதான் அவளுக்கு அதிக வருத்தம். நான் பலகைக் கதையை முதன்முதலில் பிள்ளைகளுக்குச் சொன்னது அன்றைக்குத்தான். அடுத்த வாரமே அவள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, அட்டையில் 'பாயின்ட்ஸ்' என்று எழுதிக் கொண்டுவந்தாள். பக்கத்துக்கு ஒரு சின்னச் சொல், அதற்குக் கீழே அவள் எங்கே பார்த்தாளோ அந்த வாக்கியம். பிஸ்கட் பாக்கெட், பேருந்து, மருந்துப் பெட்டி என்று எதையும் விடுவதில்லை.

அந்த நோட்டில் 'நீட் நாட்' என்ற பக்கத்தில் நாங்கள் அதிக நேரம் செலவிட்டோம். 'மஸ்ட் நாட்' என்றால் கூடாது. 'நீட் நாட்' என்றால் தேவையில்லை, செய்தாலும் குற்றமில்லை. தமிழில் 'நீ வர வேண்டாம்' என்ற ஒரே தொடர் இரண்டுக்கும் பொருந்திவிடுகிறது. அம்மா அன்பாகச் சொன்னால் தேவையில்லை, கோபமாகச் சொன்னால் கூடாது. ஆங்கிலக் காகிதத்தில் அம்மாவின் குரல் கேட்காது. ஆகவே 'நீட் நாட்' வந்தால் 'தேவையில்லை' என்றும், 'மஸ்ட் நாட்', 'ஷல் நாட்' வந்தால் 'கூடாது' என்றும் மனத்துக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். 'வேண்டாம்' என்ற சொல்லை மொழிபெயர்ப்பில் வேண்டாம் என்றே வைத்துவிட்டோம்! விதிப் புத்தகங்களில் 'ஷல்' என்பது எதிர்காலம் அல்ல, கட்டளை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

இலக்கணத்தை விதியாகச் சொல்லிக்கொடுப்பதா, வேலை கொடுத்துத் தானாக வரவைப்பதா என்ற வாதம் பழையது. இதில் நம் பக்கத்து அனுபவம் ஒன்று உலகம் முழுதும் பேசப்பட்டிருக்கிறது. 1979 முதல் 1984 வரை என். எஸ். பிரபு என்பவர் பெங்களூர், சென்னை முதலிய இடங்களில் சில சாதாரணப் பள்ளிகளில் ஒரு சோதனை நடத்தினார். பெங்களூர் ப்ராஜெக்ட் என்று பெயர். பாடத்தில் இலக்கண விதி கிடையாது. பிள்ளைகளிடம் ஒரு வரைபடம், ஒரு ரயில் கால அட்டவணை, ஒரு வகுப்பு அட்டவணை என்று கொடுத்து, கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டிய கேள்விகளைக் கேட்பார்கள். முதலில் ஆசிரியர் வகுப்பு முழுவதையும் சேர்த்து ஒன்றைச் செய்து காட்டுவார். பிறகு அதே போல் ஒன்றை ஒவ்வொருவரும் தனியே செய்ய வேண்டும். வகுப்பில் பாதிப் பேராவது பாதியளவாவது சரியாகச் செய்யக்கூடியதே தகுந்த கேள்வி என்பது அவர் அளவுகோல். பொருளில் புத்தி பதிந்திருக்கும்போது இலக்கணம் தானே உள்ளே இறங்கும் என்பது அவர் கொள்கை. 1987ல் இதைப் புத்தகமாகவும் எழுதினார்.

ரயில் கால அட்டவணை பாடப் பொருளாக இருந்தது என்று அறிந்ததும் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டியதில்லை. பரணில் கிடந்த பழைய டைம் டேபிள்களை எடுத்துத் தூசி தட்டினேன். நான் பார்த்தவரையில் பிரபு சொன்னது முக்கால் பங்கு சரி. பையன் எந்த வண்டியைப் பிடிப்பது என்று மண்டையைக் குடையும்போது 'எக்ஸெப்ட் சன்டே' என்பதை ஒருபோதும் மறப்பதில்லை. மறந்தால் வண்டி கிடைக்காதே! ஆனால் அந்த வகுப்புகளில் ஆசிரியர் மணிக்கணக்கில் ஆங்கிலம் பேசுவதைப் பிள்ளைகள் கேட்டார்கள். எங்கள் திண்ணையில் அது இல்லை. ஆகவே வேலை முடிந்ததும் பத்து நிமிடம் இலக்கணத்துக்குப் பெயர் சொல்லி விளக்கிவிடுகிறேன். ரென் அண்ட் மார்ட்டின் சிவப்புப் புத்தகம் என்னிடமும் இருக்கிறது. சந்தேகம் வந்தால் திறப்பதற்கு அதைவிட நல்ல புத்தகம் இல்லை. முதல் பக்கத்திலிருந்து தொடங்குவதற்கு அதைவிட மோசமானதும் இல்லை.

சொல் வளம் பற்றிக் கவலைப்படும் பெற்றோருக்கு: மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயக் கல்வியாளர் டாக்காவில் பணியாற்றியபோது, வங்காளப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் பேசுவதைவிட வாசிப்பதே முதலில் பயன்படும் என்று கண்டு, அதற்கேற்ற வாசகங்களைத் தயாரித்தார். புதுச் சொற்களை அள்ளிக் கொட்டாமல் இடைவெளி விட்டுத் தருவது அவர் முறை. 1953ல் அவர் வெளியிட்ட அடிப்படைச் சொற்பட்டியலில் இருப்பவை ஏறத்தாழ 2,000 சொற்களே. நாளைக்கு ஐந்து சொல் என்றால் 400 நாள். எட்டாம் வகுப்பில் தொடங்கினால் பத்தாம் வகுப்புக்கு முன் முடிந்துவிடும்.

இனிப் பயிற்சி. வீட்டில் பிள்ளைகளை உட்காரவைத்துச் செய்யுங்கள். நேரங்கள் எல்லாம் நான் பயிற்சிக்காக வைத்துக்கொண்டவை, இதை நம்பி யாரும் பேருந்து நிலையத்துக்குப் போய்விட வேண்டாம்.

மறையூரிலிருந்து உடுமலைக்குக் காலை 5.45க்கும் 7.30க்கும் பேருந்து. பயணம் இரண்டு மணி நேரம். உடுமலையிலிருந்து பழனிக்கு முதல் வண்டி 8.10, 'டெய்லி எக்ஸெப்ட் சன்டே'. இரண்டாம் வண்டி 9.50, 'டெய்லி'. இரண்டுக்கும் பயண நேரம் 35 நிமிடம். இப்போது படியுங்கள்: 'ராமு மஸ்ட் பி இன் பழனி பை டென் ஓ க்ளாக். மீனா நீட் நாட் ரீச் பழனி பிஃபோர் லெவன்.'

திங்கட்கிழமை ராமு எந்தப் பேருந்தைப் பிடிக்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை என்றால் ரயிலை நம்பி அவன் பத்து மணிக்குள் பழனி சேர முடியுமா? 'மீனா மஸ்ட் நாட் டேக் தி ஃபர்ஸ்ட் பஸ்' என்பது சரியா, தவறா? 'ராமு வில் பி லேட் அன்லெஸ் ஹி டேக்ஸ் தி ஃபர்ஸ்ட் பஸ்' என்பது எந்தக் கிழமைகளில் உண்மை?

விடைகளை முழு வாக்கியத்தில் எழுத வேண்டும். மூன்றாம் கேள்விக்குக் காரணமும் எழுத வேண்டும். என் திண்ணையில் நாலாவதை முதலில் சரியாகச் செய்தவன் எட்டாம் வகுப்புப் பையன். அவன் இதுவரை ரயிலில் ஏறியதில்லை. திண்டுக்கல்லிலிருந்து பாலக்காடுவரை போகும் அந்தப் பாதை 2015ல் அகலப் பாதையாகிவிட்டது. விடுமுறையில் பதினோரு பேரையும் உடுமலைக்கு அழைத்துப் போய், பழனிவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறேன். டிக்கெட்டின் பின்புறம் அச்சிட்டிருப்பதை அவர்கள்தான் எனக்கு வாசித்துச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு.